மாயகோவ்ஸ்கயா: 33 மீட்டர் மண்ணுக்கு அடியில ஒரு வானம்

கேள்வி இதுதான்: மாஸ்கோ மெட்ரோல சிலை, சரவிளக்கு, பளிங்குன்னு அரண்மனை கணக்கா எத்தனையோ ஸ்டேஷன் இருக்கு, அப்படி இருக்கறப்ப அதையெல்லாம் விட எளிமையா தெரியற மாயகோவ்ஸ்கயாவை மட்டும் கட்டடக்கலை படிச்சவங்க ஏன் தலையில தூக்கி வச்சுக்கிறாங்க, அதை எப்படி கட்டினாங்க, அதோட கதை என்ன.

நான் சிவில் படிச்சவன், மாஸ்கோல சில வருஷம் இருந்தவன். இந்த ஸ்டேஷன்ல ரயில் ஏற வேலையே இல்லாம சும்மா இறங்கிப் போய் நின்ன நாள் நிறைய உண்டு. அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நேரா விஷயத்துக்கு வரேன். மத்த ஸ்டேஷன்ல உங்க கண்ணு முதல்ல அலங்காரத்துல போய் விழும். மாயகோவ்ஸ்கயால எஸ்கலேட்டர்ல இறங்கி ஹாலுக்குள்ள கால் வச்சதும் தோணற முதல் விஷயம் "அட, இவ்வளவு காலியா இருக்கே"ங்கறதுதான். தலைக்கு மேல 33 மீட்டர் மண்ணும் பாறையும், அதுக்கு மேல பஸ்ஸும் காரும் ஓடற பெரிய ரோடு, கிட்டத்தட்ட பத்து மாடி உயரத்துக்கு பாரம், அதையெல்லாம் தாங்கறது எதுன்னு பாத்தா ரெண்டு வரிசை ஒல்லியான தூண். அந்த ஒல்லியான தூணை நிக்க வச்சதுதான் இந்த ஸ்டேஷனோட சாதனை. அதுக்கு அப்புறம் வந்த எவர்சில்வர், மொசைக் (கலர்க் கண்ணாடித் துண்டுகளைப் பதிச்சு செய்யற படம்), விளக்கு எல்லாமே அந்த ஒரு காரியத்தால கிடைச்ச இடத்துல வந்து உக்காந்ததுதான்.

இது புரியணும்னா ஆழத்துல ஸ்டேஷன் எப்படி கட்டுவாங்கன்னு கொஞ்சம் தெரியணும். மேலாப்புல கட்டறதா இருந்தா ரோட்டைத் தோண்டி, பெட்டி மாதிரி கான்கிரீட் போட்டு, திரும்ப மூடிடலாம். மாஸ்கோ நடுவுல அது லேசான காரியம் இல்ல, ஏன்னா மேல் அடுக்குல தண்ணி ஊறின மணல் இருக்கு, தோண்டினா சேறு மாதிரி ஓடி வரும், பக்கத்துல இருக்கிற பழைய கட்டடம் எல்லாம் இறங்கிடும். 1930கள் ஆரம்பத்துல இதுக்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு, ரோட்டைத் தோண்டலாம்னு ஒரு கட்சி, கீழ இருக்கிற கெட்டியான களிமண்ணுக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் போயிடலாம்னு இன்னொரு கட்சி. மக்கோவ்ஸ்கின்னு ஒரு இளம் இன்ஜினியர் ஆழத்துக்குத்தான் போகணும்னு அடம்பிடிச்சார், கடைசில நகரத்தோட மையத்துல அவர் சொன்னதுதான் நடந்துச்சு.

ஆழத்துக்குப் போனா பெட்டி வடிவம் வேலைக்கு ஆகாது, சுத்தியும் மண்ணு நசுக்கும், அதனால வட்டமா குழாய் மாதிரிதான் குடையணும், காஸ்ட் அயர்ன் துண்டுகளை வளையம் வளையமா பூட்டிக்கிட்டே போகணும். ஸ்டேஷன்னா பக்கத்துல பக்கத்துல மூணு குழாய்: ரெண்டு ஓரத்துலயும் ரயில், நடுவுல ஆளுங்க நடக்கிற ஹால். இப்ப இந்த மூணுக்கும் நடுவுல வழி வேணுமே? சாதாரணமா என்ன பண்ணுவாங்கன்னா, குழாய்க்கும் குழாய்க்கும் நடுவுல தடிமனா சுவர் மாதிரி விட்டுட்டு அங்கங்க வாசல் வெட்டி விடுவாங்க. வாசலுக்கு நடுவுல மிச்சம் நிக்கிற அந்த தடிச்ச கட்டைக்கு பைலான்னு பேரு. பாரத்தைத் தாங்க அது ரொம்ப பத்திரமான வழி, ஆனா ஹால்ல நிக்கிறவனுக்கு பிளாட்பாரம் தெரியாது, ஒரு பக்கம் ரயில் வந்திருக்கான்னு எட்டிப் பாக்கணும், சுரங்கத்துக்குள்ள இருக்கோம்ங்கிற நெனப்பு ஒரு நிமிஷம் கூட போகாது. 1935 மே 15ஆம் தேதி 13 ஸ்டேஷனோட மாஸ்கோ மெட்ரோ திறந்தப்ப ஆழத்துல இருந்த க்ராஸ்னியே வரோத்தா அந்த மாதிரிதான். அழகான ஸ்டேஷன், குறை சொல்ல முடியாது, ஆனா கனமான அழகு.

ரெண்டாவது கட்ட வேலைல சோகோல்ல இருந்து நகரத்து மையம் வரைக்கும் ஒரு லைன் போட்டாங்க. அதுல ஒரு ஸ்டேஷன் மாயகோவ்ஸ்கி சதுக்கத்துக்கு அடியில. அந்த சதுக்கத்துக்கு பழைய பேரு ட்ரியும்ஃபால்னயா, 1930ல இறந்துபோன கவிஞர் மாயகோவ்ஸ்கி நினைவா 1935ல பேரை மாத்தினாங்க, 1992ல பழைய பேரே திரும்ப வந்துடுச்சு, ஆனா கீழ ஸ்டேஷனுக்கு மட்டும் கவிஞர் பேரு அப்படியே நின்னுடுச்சு. இதோட ஆர்க்கிடெக்ட் அலெக்ஸேய் துஷ்கின். ஸ்டேஷன் திறந்த அன்னிக்கு, 1938 செப்டம்பர் 11, அவருக்கு வயசு 33 தான்.

துஷ்கினும் இன்ஜினியர்களும் சேந்து எடுத்த முடிவு: பைலான் வேண்டாம், எஃகுத் தூண் போடுவோம். தூண் வரிசைக்கு மேல நீளவாக்குல எஃகு உத்தரம், அந்த உத்தரத்து மேல ரெண்டு பக்கத்துல இருந்தும் வளைவு வந்து உக்காரும். கேக்க சுலபம். ஆனா யோசிச்சுப் பாருங்க, மேல இருக்கிற பாரம் மொத்தமும் பரவி இறங்காம ஒவ்வொரு தூண் தலையிலயும் குவிஞ்சு இறங்குது, ஒரு தூண் கொஞ்சம் அசைஞ்சாலும் அதோட சேந்த வளைவு அத்தனையும் அசையும், அதுக்கு மேல இது கட்டி முடிச்சு வச்ச பொம்மை இல்ல, மண்ணைக் குடைஞ்சுகிட்டே ஒவ்வொரு பாகமா பாரத்தை ஒரு தாங்கல்ல இருந்து இன்னொரு தாங்கலுக்கு மாத்திக்கிட்டே கட்டணும். இவ்வளவு ஆழத்துல மூணு வளைவு வச்ச தூண் ஸ்டேஷன் உலகத்துலயே அதுதான் முதல். யாரும் செஞ்சு பாக்காததை, அதுவும் கால்குலேட்டர் கூட இல்லாத காலத்துல, ஸ்லைடு ரூல்னு நகர்த்திக் கணக்குப் போடற அளவுகோலை வச்சுக்கிட்டு கணக்குப் போட்டு இறங்கியிருக்காங்க. ஒரு சிவில்காரனா எனக்கு இதை நெனச்சாலே இன்னிக்கும் புல்லரிக்கும்.

தூண் ஒல்லியானதும் என்ன ஆச்சு? மூணு குழாயும் ஒரே ஹாலா மாறிடுச்சு. நடுவுல நின்னா ரெண்டு பிளாட்பாரமும் தெரியும், ரயில் வர வெளிச்சம் தூணுக்கு நடுவுல ஓடறது தெரியும், அந்தக் கடைசியில நிக்கிற ஆளு தெரியும். நம்ம ஊர் கோயில்ல கல் மண்டபத்துல தூணுக்கு நடுவுல பாத்துக்கிட்டே நடக்கறப்ப இடம் திறந்து திறந்து மூடுமே, அந்த மாதிரி. ஆனா அங்க கல்லோட கனம் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும், இங்க கனமே தெரியாது.

இப்ப எவர்சில்வர் கதை. தூண் எஃகுதான், ஆனா வெறும் எஃகை அப்படியே விட முடியாது, பளிங்குப் பலகையை ஒட்டினா தூண் தடிச்சுப் போயிடும், கஷ்டப்பட்டு ஒல்லியாக்கினது வீணாயிடும். துஷ்கினுக்கு தூண் உலோகம்னு பாத்ததும் தெரியணும்னு ஆசை. அதனால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை நீளவாக்குல பள்ளமும் மேடுமா நெளிச்சு, தூணுக்கு மேல வரைக்கும் கொண்டு போய், அங்கேயே நிறுத்தாம வளைவோட விளிம்பு வழியா அந்தப் பக்கத்து தூண் வரைக்கும் ஓட விட்டுட்டாங்க. அவ்வளவு அகலமான தகட்டை அந்த மாதிரி நெளிக்கிற மெஷின் சாதாரண பட்டறைல எங்க இருக்கும்? அந்த வேலையை மாஸ்கோவுக்கு வெளியில தல்கப்ரூத்னில, ஆகாயக் கப்பல் செய்யற தொழிற்சாலைல செஞ்சாங்க. ஆகாயத்துல மிதக்கிறதுக்கு தகடு வளைச்ச கைங்க மண்ணுக்கு அடியில நிக்கிற தூணுக்கும் வளைச்சுக் கொடுத்திருக்கு. அந்தத் தூணைப் பாத்தா விமானத்து பாகம் மாதிரி தோணறது இதனாலதான்.

எவர்சில்வர் மட்டும்னா சமையலறைப் பாத்திரம் மாதிரி சில்லுனு இருந்திருக்கும். அதுக்குத்தான் தூணோட மூலைகள்ல கீழ்ப்பாகத்துல ரோடோனைட் வச்சிருக்காங்க. உரால் மலைல கிடைக்கிற ரோஸ் கலர் கல், உள்ள கறுப்பு நரம்பு ஓடும். கையால தடவிப் பாத்திருக்கேன், தகடு எப்பவும் ஜில்லுனு இருக்கும், பக்கத்துல அந்தக் கல்லு வழவழன்னு, லட்சக்கணக்கான தோளும் பையும் உரசி உரசி மெருகேறி, கிட்டப் போய்ப் பாத்தா பச்சை மாமிசத்துல கொழுப்பு ஓடற மாதிரி கோடு கோடா இருக்கும். ஒவ்வொரு மூலையிலயும் கோடு வேற வேற. கூட்டம் நெரியற நேரத்துல யாரும் இதைப் பாக்க மாட்டாங்க, காலைல சீக்கிரமா போனா நின்னு பாக்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வளைவு விளிம்புல ஓடற அந்த நெளிவுப் பள்ளம் ஒரு தூண்ல இருந்து இன்னொரு தூண் வரைக்கும் இடைவெளி இல்லாம போகுதுன்னு சொன்னேன் இல்லையா, அந்தப் பள்ளத்துல வாயை வச்சு மெதுவா பேசினா அந்தக் கோடியில காதை வச்சவங்களுக்கு கேக்கும். காசைப் பள்ளத்துல வச்சு வேகமா மேல தள்ளி விட்டா வளைவு வழியா ஏறி அந்தப் பக்கம் இறங்கி வரும். ஒரு தடவை ஒரு பாட்டியம்மா பேரனைக் கூட்டிட்டு வந்து இதைச் செஞ்சு காட்டிட்டு இருந்தாங்க, முதல் ரெண்டு காசு பாதில திரும்பி விழுந்துடுச்சு, மூணாவது காசு கிர்ர்ருனு ஏறி அந்தப் பக்கம் பையனோட காலடில போய் விழுந்துச்சு. அந்தம்மா சின்னப் புள்ளையா இருக்கறப்ப அவங்களோட அப்பா காட்டினாராம். தகட்டு வேலையில ஒரு இணைப்பு முன்ன பின்ன இருந்தா அந்தக் காசு போய் சேராது. இத்தனை வருஷம் கழிச்சும் போகுதுன்னா அந்த வேலைக்காரங்க கைக்கு வேற சர்டிஃபிகேட் வேண்டாம்.

இனி மேல பாப்போம். தூணுக்கும் தூணுக்கும் நடுவுல நீளவாக்குலயும் வளைவு, குறுக்கயும் வளைவு. அப்ப கூரைல என்ன மிச்சம் இருக்கும்? வளைவுகளுக்கு நடுவுல ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு குழி மாதிரி இடம். பாரத்தை எல்லாம் வளைவு வாங்கிக்கிட்டதால அந்த இடத்துல கூரையை இன்னும் மேல தூக்கலாம். துஷ்கின் அங்க முட்டை வடிவத்துல ஒரு டோம், அதுக்குள்ள இன்னும் ஆழமா ஒரு சின்ன டோம்னு வச்சார். ரெண்டுக்கும் நடுவுல வட்டமா பல்புங்க. அந்த உள் டோம்ல மொசைக். அப்படி மொத்தம் 35 டோம். பல்பு வெளிச்சம் டோம் சுவர்ல பட்டு கீழ இறங்கறதால கூரைல ஓட்டை போட்டு பகல் வெளிச்சத்தை உள்ள விட்ட மாதிரியே இருக்கும்.

மொசைக்குக்கு படம் வரைஞ்சவர் அலெக்சாந்தர் தெய்னேகா. தலைப்பு, சோவியத் வானத்தில் 24 மணி நேரம். யோசனை ரொம்ப எளிமையானது, ஆனா இதை விடப் பொருத்தமா வேற எதையும் எனக்கு யோசிக்கத் தெரியல: கீழ நிக்கிறவன் தலையைத் தூக்கினா வானம் தெரியணும், அவ்வளவுதான். ஹாலோட ஒரு கோடியில இருந்து நடந்தா காலை, பகல், நடுவுல ராத்திரி, திரும்பவும் விடியற்காலைன்னு ஒரு நாள் முழுசும் தலைக்கு மேல ஓடும். எல்லாப் படமும் கீழ இருந்து அண்ணாந்து பாக்கற கோணத்துலயே வரைஞ்சிருக்கார். விமானம்னா அதோட வயிறு தெரியும், பாராசூட்ல குதிக்கிறவனோட பூட்ஸ் அடிப்பாகம் தெரியும், பனிச்சறுக்குப் பலகை (ஸ்கீ) கட்டித் தாண்டறவன் உங்க தலைக்கு மேல பறக்கறான், கம்பு ஊன்றித் தாண்டறவன் இருக்கான், தண்ணிக்குள்ள குதிக்கிறவன் இருக்கான், பூத்த ஆப்பிள் கிளைக்கு நடுவுல நீல வானம், ராத்திரி பகுதில க்ரெம்ளின் ஸ்பாஸ்கயா கோபுரம். அந்த லைன்லயே ஆயெரோபோர்த், அதாவது விமான நிலையம்னே பேரு வச்ச ஒரு ஸ்டேஷன் இருக்கு, அந்தக் காலத்துல அந்த ஊர்ல எல்லார் வாயிலயும் விமானப் பேச்சுதான். அதனால இந்த வானத்துல ஒரு காலத்தோட ஆசை மொத்தமும் இருக்கு. பிரச்சாரம் இருக்கா? இருக்கு. அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அந்த ஆப்பிள் கிளையை அண்ணாந்து பாக்கற மனுஷன் பிரச்சாரத்தைப் பாக்கல, வானத்தைத்தான் பாக்கறான்.

இதுல ஒரு குறை உண்டு, சொல்லாம விட்டா நேர்மை இல்ல. மொசைக் ரெண்டாவது டோமுக்குள்ள ஆழமா இருக்கறதால நடந்து போறவன் கண்ணுக்கு விழாது. நேர் அடியில போய் நின்னு கழுத்தை முழுசா பின்னால சாச்சாதான் தெரியும், அதுவும் ஒரு நேரத்துல ஒண்ணுதான். தினமும் இந்த ஸ்டேஷன் வழியா போயிட்டு வந்த என் நண்பன் ஒருத்தன், மேல படம் இருக்குன்னே ரெண்டு வருஷம் கழிச்சு நான் சொல்லித்தான் பாத்தான். கூரைக்கு ஒட்டினாப்புல வச்சிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், ஆனா அப்ப கூரை தாழ்வா தெரிஞ்சிருக்கும், வானம்ங்கிற உணர்வும் போயிருக்கும். என்னைக் கேட்டா துஷ்கின் செஞ்சதுதான் சரி.

மொசைக்கை செஞ்சு கொடுத்தது லெனின்கிராட்ல (இன்னிக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) இருந்த விளாதிமிர் ஃப்ரோலோவ் பட்டறை. ஃப்ரோலோவ் குடும்பம் தலைமுறையா மொசைக் செய்யறவங்க, அந்த ஊர்ல ரத்தத்தின் மேல் மீட்பர்னு சொல்ற பெரிய தேவாலயத்துக்கு உள்ள மொசைக் செஞ்சதும் அவங்க பட்டறைதான். ஸ்மால்ட்ன்னு கண்ணாடி ஒண்ணு, சாதாரண கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியாது, கலர் கெட்டியா இருக்கும், உடைச்ச முகம் வெளிச்சத்துல மினுங்கும். படத்தை கண்ணாடில தெரியற மாதிரி தலைகீழா வரைஞ்சு வச்சுக்கிட்டு, துண்டு துண்டா முகம் கீழ இருக்கற மாதிரி ஒட்டிக்கிட்டே வருவாங்க, பின்னாடி சிமெண்ட் பூசி, காஞ்சதும் திருப்பினாத்தான் படம் எப்படி வந்திருக்குன்னு தெரியும். அதாவது செய்யற நேரம் முழுக்க படத்தோட முதுகைத்தான் பாத்துக்கிட்டு வேலை செய்யணும்.

இதே ஃப்ரோலோவ் கதையோட முடிவு மனசை அறுக்கும். தெய்னேகா வரைஞ்ச இன்னொரு மொசைக் வரிசைக்கு போர்க்காலத்துல வேலை நடந்துச்சு. லெனின்கிராட்டை ஜெர்மன் படை சுத்தி வளைச்சிருந்த முற்றுகைல, சோறு இல்ல, கரண்ட் இல்ல, அந்த நிலைமைலயும் முடிச்சு லடோகா ஏரி வழியா வெளிய அனுப்பிட்டார். 1942ல முற்றுகைக்குள்ளயே செத்துட்டார். அந்த மொசைக்கெல்லாம் இன்னிக்கு நோவோகுஸ்னெத்ஸ்கயா ஸ்டேஷன் கூரைல இருக்கு. 1943ல அந்த ஸ்டேஷன் திறந்தப்ப செஞ்சவர் இல்ல. மாயகோவ்ஸ்கயா பாக்கப் போறவங்க அதே பச்சை லைன்ல இருக்கிற இதையும் போய் பாத்துட்டு வரணும்னு நான் கேட்டுக்கறேன்.

துஷ்கினோட அறிவு எனக்குப் புரிஞ்சது வேற ஒரு ஸ்டேஷனை இதோட சேத்துப் பாத்தப்ப. பிளோஷத் ரெவல்யூத்ஸி, அதே 1938ல மார்ச் மாசம் திறந்தது, ஆர்க்கிடெக்ட் அதே துஷ்கின். அங்க பைலான் தான், தடிச்ச கட்டைங்க. ஒல்லியாக்க வழியில்லாத இடத்துல அவர் ஒல்லியா இருக்கற மாதிரி பாசாங்கு பண்ணல. ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்துல மனிசேர் செஞ்ச வெண்கலச் சிலைங்களை உக்காத்தியும் குனிய வச்சும் நிறுத்தினார், மொத்தம் 76 உருவம், வளைவோட பாரம் அவங்க முதுகுல இறங்கற மாதிரி இருக்கும். கனம் இருக்கற இடத்துல கனத்தைக் காட்டினார், மாயகோவ்ஸ்கயால கனத்தை எடுத்துட்டு வானத்தைக் காட்டினார். ஒரே ஆளு, ஒரே வருஷம். 1935ல அவர் செஞ்ச க்ரோபோத்கின்ஸ்கயால (அப்ப அதுக்கு சோவியத் மாளிகைன்னு பேரு) தூண் உச்சில விளக்கை ஒளிச்சு வச்சு தூணே கூரைல கரைஞ்சு போற மாதிரி பண்ணியிருப்பார், அதுலயே இந்த மூளை வேலை செய்ய ஆரம்பிச்சாச்சு.

எதிர்ப்பக்கமா ஒண்ணு பாக்கணும்னா வளைய லைன்ல கொம்சொமோல்ஸ்கயா, 1952. அதுவும் ஆழத்துல தூண் வச்ச ஸ்டேஷன்தான், கட்டுமானத்துல மாயகோவ்ஸ்கயாவோட வாரிசு. ஆனா தூணுக்கு பளிங்கு, மஞ்சள் கூரை, பெரிய பெரிய சரவிளக்குன்னு போட்டு ஜார் மாளிகை ஆக்கிட்டாங்க. டூரிஸ்ட் போட்டோ எடுக்கறது அதைத்தான். நானும் எடுத்திருக்கேன், அழகு இல்லைன்னு சொல்லல. ஆனா அங்க நின்னா மாளிகைக்குள்ள வந்திருக்கோம்னு தோணும், மாயகோவ்ஸ்கயால நின்னா சுரங்கத்துக்குள்ள வந்தோமாங்கறதே மறந்து போகும்.

1939ல நியூயார்க் உலகக் கண்காட்சில சோவியத் அரங்கத்துக்குள்ள இந்த ஸ்டேஷனோட ஒரு துண்டை நிஜ அளவுலயே கட்டி வச்சு, கண்ணாடி வச்சு நீண்டுக்கிட்டே போற மாதிரி காட்டினாங்க, முதல் பரிசும் கிடைச்சுது. அந்தப் பரிசைப் பத்தி எல்லாரும் எழுதியிருக்காங்க, அதனால அதோட விட்டுடறேன்.

ரெண்டு வருஷத்துல போர் வந்துடுச்சு. 1941 ஜூலை 21 ராத்திரி மாஸ்கோ மேல முதல் பெரிய குண்டுவீச்சு. மெட்ரோ முழுக்க பதுங்குமிடம் ஆச்சு. பகல்ல ரயில், ராத்திரி ஆனா ரயிலை நிறுத்திட்டு ஜனங்களை உள்ள விட்டாங்க, தண்டவாளத்து மேல பலகை போட்டு டனலுக்குள்ளயும் படுத்தாங்க. அந்த ராத்திரிகள்ல மெட்ரோக்குள்ளயே 200க்கும் மேல குழந்தைங்க பொறந்திருக்கு. மாயகோவ்ஸ்கயா ஹால்ல பாய் படுக்கை விரிச்சு மல்லாந்து படுத்தவங்களுக்கு கண்ணுக்கு நேரா என்ன தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. நின்னு பாக்க கழுத்து வலிக்கற அந்த மொசைக்கெல்லாம் படுத்தவனுக்குத்தான் சரியா தெரியும். மேல நிஜ வானத்துல குண்டு போடற விமானம், இங்க மொசைக் வானத்துல வேற விமானம்.

அக்டோபர் மாசம் ஜெர்மன் படை இன்னும் கிட்ட வந்துடுச்சு. மெட்ரோவை எதிரி கைல விடக்கூடாதுன்னு அழிச்சிடறதுக்கே உத்தரவு வந்து, அக்டோபர் 16 காலைல மெட்ரோ திறக்கவே இல்ல. கேபிளை வெட்ட ஆரம்பிச்சு, சாமானைக் கழட்ட ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் முடிவு மாறி அன்னிக்கு சாயங்காலமே திரும்ப ரயில் ஓடுச்சு. அந்த ஒரு நாள் வேற மாதிரி போயிருந்தா நான் இந்தப் பதிலை எழுதிட்டு இருக்க மாட்டேன்.

அடுத்து நவம்பர் 6. அக்டோபர் புரட்சியோட 24ஆவது வருஷக் கூட்டம். வழக்கமா மேல பெரிய அரங்கத்துல நடக்கும், குண்டு விழற காலத்துல எங்க வைக்கறது? மாயகோவ்ஸ்கயால வச்சாங்க. ஏன் இந்த ஸ்டேஷன்னா, ஆழமா இருக்கணும், அதே நேரம் ஒரே இடத்துல பெரிய கூட்டம் உக்காந்து மேடையைப் பாக்கற மாதிரி திறந்த ஹாலும் வேணும். பைலான் ஸ்டேஷன்ல சுவர் மறைக்கும். இங்க தூண் ஒல்லி. மூணு வருஷம் முன்னாடி அழகுக்குன்னு எடுத்த முடிவு இப்படி வந்து உதவிச்சு. ஹால்ல வரிசையா நாற்காலி போட்டு, ஒரு கோடில மேடை அமைச்சு, ஒரு பக்கத்து தண்டவாளத்துல ரயிலை நிறுத்தி அந்தப் பெட்டிகளையே கோட்டு வைக்கிற இடமாவும் சாப்பாட்டு இடமாவும் ஆக்கிட்டாங்க. ஸ்டாலின் இன்னொரு பக்கம் ரயில்லயே வந்து இறங்கி பேசினார், பேச்சு ரேடியோல போச்சு. மறுநாள் காலைல செஞ்சதுக்கத்துல அணிவகுப்பு, அங்க இருந்து படை நேரா போர்முனைக்கு நடந்துச்சு. ஸ்டாலினைப் பத்தி உங்க அபிப்பிராயம் எதுவா வேணா இருக்கட்டும், எனக்கும் கடுமையான அபிப்பிராயம் உண்டு, ஆனா அந்த ராத்திரி அந்த ஹால்ல உக்காந்திருந்த ஜனங்களோட மனநிலையை நெனச்சா நான் கொஞ்ச நேரம் பேசாம இருந்துடுவேன்.

போருக்கு அப்புறம் கதை பெரும்பாலும் தண்ணியோட நடந்த சண்டை. ஆழத்துல கட்டினா நிலத்தடி நீர் சும்மா விடாது, எங்க ஒரு மயிரிழை விரிசல் இருக்கோ அங்க வந்து நிக்கும். மேல்போர்வை எவர்சில்வர் துருப் பிடிக்காது, ஆனா அதுக்கு உள்ள இருக்கிற தூண் சாதாரண எஃகு, அதுக்கு ஈரம் ஆகாது. மொசைக்குக்கும் பின்னாடி ஈரம் இறங்கினா உப்பு பூக்கும், துண்டு விடும். இங்க ஒழுகல் பிரச்சினை ரொம்ப வருஷமா உண்டு, திரும்பத் திரும்ப ரிப்பேர் பாத்துக்கிட்டே இருக்காங்க. 35 மொசைக்ல இப்ப கண்ணுக்குத் தெரியறது 34 தான், எஸ்கலேட்டர் பக்கத்துல பாதுகாப்புக் கதவு கட்டினப்ப ஒண்ணு போயிடுச்சு. எண்ணிப் பாத்துட்டு 34 தானே வருதுன்னு குழம்பறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

ரொம்ப காலம் ஒரே ஒரு வாசல்தான் இருந்துச்சு, 2005ல வடக்குப் பக்கம் இன்னொரு வாசல் திறந்தாங்க. அந்தப் புது முகப்பு மண்டபத்துக் கூரைல இவான் லுபென்னிகோவ் செஞ்ச மொசைக் இருக்கு, அதுவும் வானம்தான், ஆனா அதுல மாயகோவ்ஸ்கியோட கவிதை வரிகள் எழுத்தாவே மிதக்கும். பழசைக் காப்பியடிக்காம, பழசோட சண்டையும் போடாம செஞ்சிருக்கார். கவிஞர் பேரு வச்ச ஸ்டேஷன்ல அவரோட கவிதை கண்ணுக்கு வர 67 வருஷம் ஆயிருக்கு. மேல சதுக்கத்துல 1958ல அவருக்கு சிலை வச்சாங்க, அந்தச் சிலையடில இளைஞர்கள் கூடி சத்தமா கவிதை படிக்க ஆரம்பிச்சு, அது அரசாங்கத்துக்குப் பிடிக்காம போய், 1961ல அடக்கினாங்க. அது தனி கதை, கேட்டா இன்னொரு நாள் எழுதறேன்.

போறவங்களுக்கு ரெண்டே வார்த்தை. எட்டரை ஒன்பது மணி கூட்டத்துல போகாதீங்க, ஞாயித்துக்கிழமை காலைல போங்க. பழைய தெற்கு வாசல் வழியா இறங்குங்க. ஹாலுக்குள்ள வந்ததும் உடனே மேல பாக்காதீங்க, முதல்ல தூணையும் அதுக்கு நடுவுல தெரியற பிளாட்பாரத்தையும் பாருங்க, ரெண்டு பக்கமும் ரயில் வந்து போகட்டும். அப்புறம் ஓரமா நின்னு ரோடோனைட்டை கையால தொட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் நடு டோமுக்கு நேர் அடில போய் நின்னு அண்ணாந்து பாருங்க, ராத்திரி வானம் தெரியும். அங்க இருந்து ஒவ்வொரு டோமா கோடி வரைக்கும் நடந்தா விடிஞ்சுடும்.